வசந்த் பேச்சில் வசந்த் எங்கே?

பெங்களூரில் ஜாலஹள்ளிப் பக்கம் போனால் எனக்கு வாக்கு இயந்திரம் நினைவுக்கு வராது, வக்கீல் கணேஷின் ஜூனியர் வசந்த்தான் வருவான். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முன்னின்ற ரங்கராஜன்தானே சுஜாதா என்ற பெயரில் அவர்களை வைத்து வாரா வாரம் தொடர்கதையும் எழுதினார்? நாவலைக் கணினியில் போட்டு அலசுவதென்றால் முதலில் அவருடையதைப் போடலாம். மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அலசல் என்றதும் பலருக்குத் துப்பறியும் வேலைதான் தோன்றுகிறது. ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதியவர் உண்மையில் ஜே.கே. ரௌலிங்தான் என்ற சந்தேகத்துக்கு 2013-இல் சொற்கணக்கு வலுச்சேர்த்தது. 'இந்தியா' இதழில் பெயரில்லாமல் வந்த கட்டுரைகளில் பாரதியின் கையை நம் புள்ளியியல்காரர்களும் தேடியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஜான் பர்ரோஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வு. ஜேன் ஆஸ்டின் நாவல்களில் ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சையும் தனியே பிரித்து, யாரும் கவனிக்காத சில்லறைச் சொற்களை எண்ணினார். பாத்திரத்துக்குப் பாத்திரம் கணக்கு மாறியது.

கணேஷையும் வசந்தையும் அப்படிப் பிரித்தால்? 'பாஸ்' என்பதை நீக்கிவிட வேண்டும். அதை வைத்துக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஜோக்குகளையும் எடுத்துவிடுவோம். மிச்சத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன். கல்கியின் வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் தேறுவார்களா என்பது சந்தேகம். (கல்கி ரசிகர்கள் அடிக்க வரலாம்.)

ஆனால் தமிழில் சில்லறை தனியாகக் கிடைக்காது. 'வந்தானே', 'வந்தானோ', 'வந்தான்தான்' என்று ஏகாரமும் ஓகாரமும் 'தான்' என்பதும் வினையோடு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டத் தெரியாத நிரலுக்கு இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். அதற்கு முன்னால் பழைய அச்சுப் பக்கம் கணினிக்குப் புரியும் எழுத்தாக வேண்டும். அதற்கான தமிழ் ஓ.சி.ஆர். ஒன்றை உருவாக்கியதும் இதே ஊர்தான்: இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வுக்கூடம்.

அங்கேயும் சுஜாதா வம்பு செய்வார். ஒருவன் மாடியிலிருந்து இறங்கினால், எழுத்துகளையும் படிப்படியாக இறக்கி அச்சிடவைத்தவர் அவர். ஓ.சி.ஆர். அதை அச்சுக்கோளாறு என்றே எடுத்துக்கொள்ளும். உரையாடல் சூடுபிடித்துவிட்டால் 'என்றான்' வேறு காணாமல் போய்விடும். எந்த வரி யாருடையது என்று நிரலுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். சுஜாதாவை மனப்பாடமாக வைத்திருக்கும் ரிட்டயர்டு ஆசாமிகள் இந்த ஊரில் நிறையவே உண்டு. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் அந்த வேலை முடியும்.