முடி முளைக்க ஒரு வருஷம், தவணை மட்டும் அடுத்த மாசமே: ஹேர் டிரான்ஸ்பிளான்ட் கணக்கைக் கொஞ்சம் பார்த்துடலாம்

கடன் பத்தி வீடியோ போடும்போதெல்லாம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, தை மாசம் கல்யாணம். ஐப்பசியில ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கலாம்னு இருக்கேன். கிளினிக்லயே இஎம்ஐ போட்டுத் தர்றாங்க, வட்டி கிடையாதாம். எடுக்கலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஐப்பசியில பண்ணா தைக்கு முடி இருக்காது. உண்மையில இப்போ இருக்கறதைவிடக் கம்மியாக்கூடத் தெரியலாம். அப்புறம், இதுக்குக் கடன் வாங்காதீங்க. ஏன்னு மீதியில சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் டாக்டர் இல்ல, மருந்து சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதே சமயம் "முடிதானே, விட்டுத் தள்ளு, அந்தக் காசை எஸ்ஐபி-யில போடு"ன்னு சொல்ற ஆளும் நான் இல்ல. போட்டோவைப் பார்த்துட்டு பொண்ணு வீட்டுல வேணாம்னு சொல்லும்போது வர்ற வலி, மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தா தீராது. 1,20,000 ரூபாய் 20 வருஷத்துல எவ்வளவா வளரும்ங்கற கணக்கை நான் இங்க போடப் போறதும் இல்ல. உங்க காசு, உங்க தலை. ஆனா எதை வாங்கறோம், அது எப்போ கைக்கு வரும், மொத்தமா எவ்வளவு ஆகும்ங்கற மூணும் தெரியாம கையெழுத்துப் போடக் கூடாது.

எங்க சித்தப்பா பையன் 24 வயசுல இதைப் பண்ணிக்கிட்டான். முன்நெத்தியில 2,500 கிராஃப்ட், தனிநபர் கடன் எடுத்து. மூணாவது மாசம் ராத்திரி 11 மணிக்கு எனக்கு ஃபோன். "அண்ணா, ஏமாந்துட்டேன். வச்சதும் கொட்டிப்போச்சு, இருந்ததும் கொட்டிப்போச்சு." தொண்டை அடைக்கப் பேசினான். எனக்கும் அப்போ இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்த கிளினிக் மேல கேஸ் போடலாமான்னுகூட யோசிச்சோம்.

பிறகுதான் தெரிஞ்சது, அவனுக்கு நடந்தது ரொம்ப சாதாரணமான விஷயம். முடியை வேரோட எடுத்து வேற இடத்துல நட்டா, அந்த வேர் உயிரோட இருக்கும். ஆனா மேல தெரியற முடித்தண்டு ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரத்துக்குள்ள பெரும்பாலும் கொட்டிடும். பக்கத்துல ஏற்கெனவே இருந்த சொந்த முடியிலயும் கொஞ்சம் அந்த அதிர்ச்சியில உதிரலாம், அதுல பெரும்பாலானது பிறகு திரும்ப வரும். வேர் தூங்கப் போயிடும். மூணு, நாலு மாசம் கழிச்சுத்தான் புது முடி எட்டிப் பார்க்கும். அதுவும் முதல்ல பூனை முடி மாதிரி மெல்லிசா, சிலருக்குச் சுருளா வரும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும்ங்கறதால, முளைச்ச உடனே சீப்பு போட முடியாது. ஆறாம் மாசம் பாதி மாற்றம் தெரியும். ஒன்பதாம் மாசத்துல இருந்து பன்னிரண்டுக்குள்ள முடி தடிச்சு, பார்க்கறவங்க "என்னப்பா, ஆளே மாறிட்டே"ன்னு கேக்கற நிலைமை வரும். உச்சிமண்டையில வச்சிருந்தா இன்னும் தாமதம், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம்.

ஆபரேஷன் முடிஞ்ச முதல் பத்து நாள் கதை தனி. நெத்தி வீங்கும், நட்ட இடத்துல பொருக்கு தட்டும். ஆபீசுக்கு எத்தனை நாள் லீவ் வேணும்னு அதுக்கும் கணக்கு வச்சுக்குங்க.

அப்போ தையில கல்யாணம்னா எப்போ பண்ணணும்? அதுக்கு முந்தின தையில. மூணு மாசம்தான் இருக்குன்னா, கல்யாணம் முடிஞ்சே பண்ணிக்கலாம். மேடையில நிக்கற நாள், மொத்த ஒரு வருஷத்துலயும் தலை மோசமா இருக்கற நாளா அமைஞ்சுடக் கூடாது பாருங்க. முடிஞ்சா பொண்ணுகிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. எங்க தம்பி சொல்லல, அது தனிப் பஞ்சாயத்து.

இப்போ பணத்துக்கு வருவோம். ஒரு கிராஃப்ட் 40 ரூபாய்னு வச்சுக்குங்க, 3,000 கிராஃப்ட். 1,20,000 ரூபாய் ஆச்சு. கோட்டேஷன்ல இதோட நிறுத்திடுவாங்க. ஆனா மருத்துவ சேவைக்குக் கிடைக்கற ஜிஎஸ்டி விலக்கு முடி நடவுக்குக் கிடையாது. விபத்து, பிறவிக் குறைபாடு மாதிரி காரணம் இல்லாத பட்சத்துல 18 சதவீதம் வரி உண்டு. அது 21,600. மொத்தம் 1,41,600. ஹெல்த் இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமான்னு கேக்காதீங்க, அழகுக்காகப் பண்ற சிகிச்சை பாலிசியில சேராது. "பில் வேணாம்னா வரி இல்லாம முடிச்சுடலாம் சார்"னு யாராவது சொன்னா அங்க இருந்து எழுந்து வந்துடுங்க. நாளைக்கு ஏதாவது தப்பா போனா நுகர்வோர் நீதிமன்றத்துல காட்ட உங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இந்த 1,41,600-ஐ 18 சதவீத வட்டிக்கு 24 மாசத் தவணையில எடுத்தா மாசம் 7,069 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1,69,000-த்தைத் தாண்டியிருப்பீங்க, வட்டி மட்டும் 28,000 சொச்சம். இதுல கவனிக்க வேண்டியது வேற. முதல் நாலு தவணை கட்டி முடிக்கும்போது 28,000 ரூபாய்க்கு மேல கையை விட்டுப் போயிருக்கும், தலையில அப்போதான் பூனை முடி எட்டிப் பார்க்குது. கொட்டற மாசத்துல தவணை கட்டறவனோட மனநிலையை நான் நேர்ல பார்த்திருக்கேன். அந்த நேரத்துலதான் கிளினிக்காரங்க பிஆர்பி பேக்கேஜ், லேசர் தொப்பி, ஸ்பெஷல் ஷாம்புன்னு அடுத்த பில்லை நீட்டுவாங்க. பயத்துல இருக்கறவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவான். எங்க தம்பி அந்த வகையில மட்டும் 30,000 விட்டான்.

"வட்டி இல்லாத இஎம்ஐ" பத்தி ஏற்கெனவே தனி வீடியோ போட்டிருக்கேன், சுருக்கமா சொல்றேன். சும்மா பணம் தர யாருக்கும் ஆசை கிடையாது. வட்டியை விலைக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க, இல்லைன்னா ரொக்கமா கட்டினா கிடைக்கற தள்ளுபடியை எடுத்துடுவாங்க. பூஜ்ஜிய வட்டிங்கற பேச்சே சரியில்லன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லியாச்சு. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான்: "முழுசா இன்னிக்கே கட்டினா எவ்வளவு?"ன்னு கேளுங்க. அந்தத் தொகைக்கும் இஎம்ஐ மொத்தத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் வட்டி, அவங்க அதுக்கு என்ன பேர் வச்சாலும்.

விலை கேக்கும்போது இன்னொண்ணு. சில இடத்துல கிராஃப்ட் கணக்கு, சில இடத்துல முடி கணக்கு. ஒரு கிராஃப்ட்ல ஒண்ணுல இருந்து நாலு முடி வரைக்கும் இருக்கும், சராசரியா ரெண்டு. ஆக "4,000 முடி"ன்னு ஒருத்தர் சொல்றதும் "2,000 கிராஃப்ட்"னு இன்னொருத்தர் சொல்றதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதைத் தெரிஞ்சுக்காம ஆடித் தள்ளுபடியில புடவை எடுக்கற மாதிரி எண்ணிக்கையை மட்டும் பார்த்து எடுக்காதீங்க.

இதெல்லாம் ஒரு தடவை செலவு. என்னைப் பொறுத்தவரை பெரிய செலவு இதுக்குப் பிறகுதான் இருக்கு. அதைத்தான் விளம்பரத்துல யாரும் சொல்றதில்ல.

நட்ட முடி பின்மண்டையில இருந்து வந்தது. அங்க இருக்கற முடி வழுக்கையை உண்டாக்கற ஹார்மோனுக்கு அவ்வளவு சுலபமா மசியாது. எங்க கொண்டுபோய் நட்டாலும் அந்தக் குணத்தோடதான் வளரும். 1950-கள்ல நியூயார்க்ல நார்மன் ஓரன்ட்ரைக்ங்கற டாக்டர் கண்டுபிடிச்ச இந்த விஷயத்து மேலதான் இந்தத் தொழிலே நிக்குது. "லைஃப்டைம் கியாரண்டி"ன்னு போர்டு போடறது இந்த நட்ட முடிக்குத்தான். அதுக்குப் பின்னாடி இருக்கற உங்க சொந்த முடிக்கு யாரும் கியாரண்டி தரல. அது பாட்டுக்குக் கொட்டிக்கிட்டேதான் இருக்கும். ஆபரேஷன் வழுக்கையை நிறுத்தாது.

எங்க தம்பிக்கு அதான் ஆச்சு. பத்தாவது மாசம் கண்ணாடியை விட்டு நகர மாட்டான், அவ்வளவு சந்தோஷம். நாலஞ்சு வருஷம் நல்லாப் போச்சு. 29 வயசுல பார்த்தா முன்னாடி ஒரு வேலி மாதிரி முடி நிக்குது, அதுக்குப் பின்னாடி காலி மனை. 24 வயசுல, வழுக்கை எங்க போய் நிக்கும்னே தெரியாத நேரத்துல, நெத்தியை நல்லாக் கீழ இறக்கி நட்டுட்டாங்க. அவன்தான் அப்படிக் கேட்டான், அவங்களும் மறுக்கல. சொந்த முடியைக் காப்பாத்த மாத்திரை எடுத்துக்கறதைப் பத்தி யாரும் உக்கார வச்சுப் பேசவே இல்ல.

அந்த மருந்துச் செலவு தொடர்கதை. ஃபினாஸ்டரைடு, மினாக்ஸிடில் ரெண்டும்தான் டாக்டர்கள் வழக்கமா எழுதறது. எடுக்கற வரைக்கும்தான் பலன், நிறுத்தினா சில மாசத்துல போயிடும். ஃபினாஸ்டரைடால சில பேருக்குத் தாம்பத்திய ஆசை குறையற மாதிரி பக்கவிளைவும் வரும், அதனால தோல் டாக்டரைப் பார்க்காம நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க. மாசம் 1,000 ரூபாய்னு வச்சாக்கூட பத்து வருஷத்துக்கு 1,20,000. அதாவது இன்னொரு ஆபரேஷன் விலை. கோட்டேஷன்ல இந்த வரி இருந்ததா?

பின்மண்டையை நான் ஒரு எஃப்டி மாதிரி பார்க்கறேன், ஆனா வட்டி வராத எஃப்டி. எடுத்த கிராஃப்ட் எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. பலருக்கு வாழ்நாள் முழுக்க எடுக்க முடியறதே சில ஆயிரம்தான். 24 வயசுல நெத்திக்கே அதுல பாதியைச் செலவு பண்ணா, 40 வயசுல உச்சிக்கு எங்க போவீங்க? கடனைக்கூட அடைச்சுடலாம், இதை அடைக்க வழியில்ல. இருபதுகளோட ஆரம்பத்துல இருக்கறவங்க அவசரப்பட வேணாம்னு நான் சொல்றதுக்கு முக்கியக் காரணமே இதுதான்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கிக்குங்க. காலேஜ்ல இருந்த அடர்த்தி வராது. இயற்கையான அடர்த்தியில பாதி வந்தாலே கண்ணுக்கு நிறைஞ்ச மாதிரி தெரியும், நல்ல டாக்டர் அதைத்தான் குறி வைப்பார். முன்னாடி, பின்னாடி போட்டோ காட்டினா, ஒரே வெளிச்சத்துல, தலை ஈரமா இருக்கும்போது எடுத்ததைக் கேளுங்க. ஒரு வருஷம் தாண்டின ஆள் போட்டோ போதாது, அஞ்சு வருஷம் தாண்டினவங்க இருக்காங்களான்னு கேளுங்க. கத்தி வைக்கப் போறது யாருன்னும் கேளுங்க. யூடியூப் பார்த்தும் பட்டறைக்குப் போயும் கத்துக்கிட்டது போதாது, முறையாப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்யணும்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல சொல்லியிருக்கு. யூடியூப்காரன் நானே சொல்றேன், அதுல தப்பே இல்ல.

என் யோசனை இதுதான். இன்னிக்கு ஒரு தோல் டாக்டர்கிட்ட போங்க. அவர் சொன்னா மருந்தை ஒரு வருஷம் ஒழுங்கா எடுங்க. அதே ஒரு வருஷம், கிளினிக்குக் கட்டறதா இருந்த தவணையை உங்க பேர்ல ஆர்டி-யில போடுங்க. மாசம் 7,000 போட்டா 84,000 கையில இருக்கும், கூட கொஞ்சம் வட்டியும் வரும். சில பேருக்கு அந்த ஒரு வருஷத்துல கொட்டறது நின்னுடும், ஆபரேஷன் ஆசையே போயிடும். ஆசை போகலைன்னா இன்னும் எட்டு, ஒன்பது மாசம் சேர்த்து ரொக்கமா, பேரம் பேசிப் பண்ணுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்.

தம்பிக்கு இப்போ 31. காலி மனையை நிரப்ப ரெண்டாவது தடவை பண்ணணும்னு போன மாசம் வேற ஒரு டாக்டர்கிட்ட போனான், நானும் கூடப் போயிருந்தேன். அவர் பின்மண்டையைக் கருவியை வச்சுப் பார்த்துட்டு, "இருக்கறது கொஞ்சம்தான், அவசரமா செலவு பண்ண வேணாம். ஒரு வருஷம் மாத்திரை எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னு அனுப்பிட்டார். ஃபீஸ் 600 ரூபாய். படியிறங்கும்போது தம்பி சொன்னான், "அண்ணா, இவ்வளவு வருஷத்துல என்கிட்ட வேணாம்னு சொன்ன முதல் டாக்டர் இவர்தான்."