லோரி அச்சும் தொழிலாளி உயிரும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள் நம் பெரியவர்கள். தேரை நாம் ஆண்டுக்கொரு முறைதான் இழுக்கிறோம். தோட்டத்து லோரியிலோ அன்றாடம் ஏறுகிறோம். விடியுமுன் பெரட்டுக் களத்திலிருந்து வெளிக்காட்டுக்கும், பால் எடுத்த பின் ஸ்டோருக்கும் நம்மைச் சுமந்து செல்லும் அந்த லோரியின் அச்சைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது நினைத்திருக்கிறோம்?

ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணிக்கு லோரி அச்சைப் பற்றி என்ன தெரியும் என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பட்டறை வேலை கற்றவன் அல்லன். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள நேர்ந்த கதை எனக்குப் பெருமை தருவதும் அன்று. ஆயினும் அதைச் சொல்லாமல் மறைப்பது பெருங்குற்றம் என்பதால் எழுதுகிறேன்.

நான் எழுதிய ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த தோட்டம் ஒன்றில் வருடக் கடைசி மழை கொட்டித் தீர்த்தது. ஓடை பெருகித் தாழ்வான பாலத்தின் மேல் ஓடியது. மூன்று வாரம் எங்கள் லோரி அந்தத் தண்ணீரில் இறங்கி ஏறித்தான் பாலையும் ஆட்களையும் சுமந்தது. மழை விட்டதும் டிரைவர் அண்ணன் ஆபீசுக்கு வந்தார்.

“ஐயா, பின்னாலே இடது பக்கச் சக்கரம் முனகுது. ஓட்டிட்டு வந்து தொட்டா கை சுடுது. கழற்றிப் பார்த்தாதான் நல்லது.”

“மாசக் கடைசி அண்ணே! லோரியை நிறுத்தினா பால் எப்படிப் போகும்? அடுத்த வாரம் பார்ப்போம்” என்றேன். மேலிடம் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் அன்று மாலை வண்டிப் பராமரிப்பு ஏட்டில் ‘பார்வையிடப்பட்டது, சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பார்வையிட்டவர் யாரும் இல்லை.

ஆறாம் நாள் இறக்கத்தில் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் கழன்று பால்மரங்களுக்கிடையே உருண்டோடின. லோரி மண்மேட்டில் சாய்ந்து நின்றதால் உயிர்கள் தப்பின. பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்குக் கை முறிந்தது. அவர் மறுபடியும் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க ஐந்து மாதமாயிற்று. டிரைவருக்குக் கிடைத்ததோ, கவனக்குறைவாக ஓட்டியதற்கு விளக்கம் கேட்கும் கடிதம். உடைந்த சாமான்களின் விலையை அவர் சம்பளத்தில் பிடிக்கவும் பேச்சு நடந்தது. அந்தக் கடிதத்தை அடித்துக் கொடுத்தவனும் நானே!

விசாரணையில் சங்கக் கிளைத் தலைவர் பராமரிப்பு ஏட்டைக் கேட்டார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். டிரைவரின் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தச் சக்கரம் இறக்கத்தில் கழலவில்லை, தோழர்களே! ஆறு நாளைக்கு முன்பே என் ஏட்டில் கழன்றுவிட்டது.

தண்ணீர் உள்ளே போகும் வழி

பிறகு பட்டறைக்காரர் அந்தச் சக்கரத்தின் ஹப்பை எனக்குப் பிரித்துக் காட்டினார். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருந்தது. பேரிங் உருளைகள் நீலம் பாய்ந்து உடைந்து கிடந்தன. அவர் விளக்கியதை இங்கே தருகிறேன்.

பெரும்பாலான கனரக லோரிகளின் பின்னச்சில் ஷாப்டின் வேலை சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமே. சுமையைத் தாங்குவது வெளிக்கூடும் ஹப்பிலுள்ள பேரிங்குகளும்தாம். ஆகவே ஷாப்ட் முறிந்தால் சக்கரம் உடனே கழன்றுவிடாது. பேரிங் போனால் சக்கரமே போய்விடும்.

மேடு பள்ளத்தில் சுமையோடு ஓடிய அச்சும், பிரேக் பிடித்த ஹப்பும் நல்ல சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டோடு ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. அச்சுக்கூட்டின் மேலே காற்றுப் போய்வர ஒரு சிறு துவாரம் உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தால், சுருங்கும் காற்று ஆயில் சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். துவாரமே தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் வழியாகவும் தண்ணீர் புகும். நீர் கலந்த கியர் எண்ணெய் பால் போல வெளுத்துவிடும். மரத்தில் வடியும் பால் நமக்குச் சோறு போடும். அச்சில் காணும் பால் நமக்குக் குழி தோண்டும்!

மழைக்குப் பின் செய்ய வேண்டியவை

கடும் உழைப்புக்குப் பின் மாட்டுக்குக்கூட ஓய்வும் வைத்தியமும் தருகிறோம். லோரிக்கும் அது வேண்டும்.

முதலாவது, ஆழமான தண்ணீரில் ஓடிய வண்டியின் அச்சு எண்ணெயைச் சோதிக்க வேண்டும். வெளுத்திருந்தால் முழுவதும் வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். வடிக்கும் திருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். மை போன்ற நைந்த தூள் சாதாரணம். செதில்களோ பல் துண்டுகளோ இருந்தால் கூட்டைப் பிரித்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, ஹப்பைக் கழற்றிப் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்க்க வேண்டும். குழி விழுந்ததையும் நிறம் மாறியதையும் மறுபடி மாட்டக்கூடாது. புது கிரீஸ் வைத்துப் புது ஆயில் சீல் போட்டு, தயாரிப்பாளர் கைநூலில் சொன்ன அளவுக்கே நட்டை முறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் வெந்துபோகும். தளர்ந்தால் சக்கரம் ஆடும்.

மூன்றாவது, ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை இறுக்கி, ஸ்பிரிங் உட்காரும் இடத்தருகே கூட்டில் வெடிப்பு உண்டா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். முறிந்த ஷாப்டை ஒட்டவைத்து மாட்டுவது கொலைக்குச் சமம். சூடேற்றிப் பதப்படுத்திய அந்த இரும்பு, வெல்டிங் சூட்டில் தன் பலத்தை இழந்துவிடும்.

நான்காவது, சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். காற்றுத் துவாரத்தில் ஒரு குழாயை மாட்டித் தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனால் பாதித் தொல்லை தீரும்.

செலவு என்னும் சாக்கு

ரப்பர் விலை இறங்கினால் முதலில் வெட்டு விழுவது பட்டறைச் செலவில்தான். ஆயில் சீலை மிச்சம் பிடித்துப் பேரிங்கைப் பறிகொடுப்பது, பேரிங்கை மிச்சம் பிடித்து அச்சைப் பறிகொடுப்பது, கடைசியில் பழியை டிரைவர் தலையில் கட்டுவது! இது சிக்கனம் ஆகுமா? ஒரு நாள் லோரி நின்றால் ஒரு நாள் பால் தாமதம். ஒரு தொழிலாளியின் கை போனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி அபாயம் உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுத்துள்ளது. உடைந்த சாமானுக்கென்று இஷ்டம் போலப் பிடித்துக்கொள்ள முதலாளிக்கு அதிகாரமில்லை.

ஆனால் சட்டம் தானாக லோரிக்கு அடியில் படுத்து அச்சைப் பார்க்காது. டிரைவர்களே, சந்தேகத்தை வாயால் சொல்லி விடாதீர்கள். எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பால்வெட்டுத் தோழர்களே, முனகும் சக்கரத்தின் மேல் பேசாமல் ஏறாதீர்கள். இன்று நம்மோடு ஏறும் இந்தோனேசிய, வங்காள தேசத் தோழர்களுக்கும் நாம்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எலும்பும் நம் எலும்பைப் போல முறிவதே. கிளைச் செயலாளர்களே, மழைக்காலம் முடிந்ததும் பராமரிப்பு ஏட்டைப் பாதுகாப்புக் குழுவின் மேசைக்குக் கொண்டுவரச் செய்யுங்கள்.

என் போன்ற கிராணிகளுக்கு ஒரே வார்த்தை. கண்ணால் பார்க்காததைப் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதாதீர்கள். மேலிடம் கோபிக்கும், கோபிக்கட்டும். எச்சரிக்கைக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். அந்த அம்மா இன்றும் மழை நாளில் கையை நீவிக்கொண்டே ஆபீசைக் கடந்து போவார் என்று கேள்விப்படும்போதெல்லாம், அந்த வலியை எந்தப் பெட்டியில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.