ஒரு ஊருக்கு எத்தனை வரி?

விக்கிபீடியாவுல சின்னச் சின்ன ஊர்களைப் பத்தின கட்டுரைன்னா குறைஞ்சபட்சம் இவ்வளவாவது இருக்கணும்னு ஒரு வரையறை வேணும்கறாங்க. வேணும்தான். ஆனா உடனே எல்லாரும் இஞ்ச் டேப்பைத் தூக்கிட்டு வந்துடறாங்களே, அங்கதான் எனக்கு இடிக்குது. மூணு வரி, இத்தனை பைட்டு, இல்லாட்டி தூக்கிடு!

நீளம்தான் தகுதின்னா நம்மளைவிட நிரல்கள் நல்லாவே எழுதும். 2002ல ராம்பாட்னு ஒரு நிரல், அமெரிக்காவோட 2000ஆம் வருஷ சென்சஸை வெச்சு ஆங்கில விக்கியில சுமார் 30,000 ஊர்க் கட்டுரைகளைப் போட்டுத் தள்ளிச்சு. பத்தி பத்தியா இருக்கும். எத்தனை குடும்பம், எந்த இனம் எத்தனை சதவீதம், வருமானம் எவ்வளவு எல்லாம் உண்டு. அந்த ஊர்ல ஜனங்க என்ன பண்ணிப் பொழைக்கறாங்கன்னு மட்டும் தெரியாது. ஈரான் கதை இன்னும் மோசம். அங்க சென்சஸ் பட்டியல்ல 'ஆபாதி'ன்னு இருக்கறதெல்லாம் கிராமம்னு நெனச்சு ஆயிரக்கணக்குல கட்டுரை எழுதிட்டாங்க. பாத்தா அதுல பண்ணை, கிணறு, பம்புசெட்டெல்லாம் இருக்கு :-)

தமிழ் விக்கியில தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு தானியங்கி எழுதின கட்டுரைகளைப் பாத்திருப்பீங்க. ஊரக வளர்ச்சித் துறையோட 2015 தகவல்படி குடிநீர் இணைப்பு இத்தனை, கைக்குழாய் இத்தனை, சுடுகாடு இத்தனை. நெறைய பேர் கிண்டல் பண்றாங்க. எனக்கு அதுல பெரிய குறை தெரியலை. வருஷம் இருக்கு, மூலம் இருக்கு, எல்லாத்துக்கும் மேல கடைசியில அந்த ஊராட்சியில அடங்கின சிற்றூர்களோட பட்டியல் இருக்கு. அதுதான் தங்கம்.

ஏன்னா நம்ம பக்கம் 'ஊர்'னா என்னங்கறதே குழப்பம். சென்சஸ் எண்ணறது வருவாய் கிராமத்தை. தேர்தல் நடக்கறது ஊராட்சிக்கு. ஆனா "எந்த ஊரு?"ன்னு கேட்டா ஜனங்க சொல்றது குக்கிராமத்தோட பேரை. மூணுக்கும் ஒரே பேர் இருக்கலாம், எல்லை வேற, மக்கள்தொகை வேற. புதூர்னு மட்டும் சொன்னா எந்தப் புதூர்? ப்ரைமரி கீ இல்லாத டேபிள் மாதிரிதான். இத்தனைக்கும் 2011 சென்சஸ்ல ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க எண்ணே இருக்கு.

அதனால என் கணக்குல குறைஞ்சபட்சம்னா இதுதான்: வருவாய் கிராமமா, ஊராட்சியா, குக்கிராமமா; எந்த வட்டம்; வரைபடத்துல எங்க; மக்கள்தொகை போட்டா எந்த வருஷத்துது; யார் சொன்னது. ரெண்டே வரியில அடங்கினாலும் இருந்துட்டுப் போகட்டும். இது தேறாத குக்கிராமத்துக்குத் தனிக்கட்டுரை வேணாம், ஊராட்சிக் கட்டுரையில ஒரு வரி போதும். "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊர் மக்கள் வந்தாரை வாழவைப்பவர்கள்" வகையறா இருபது வரி இருந்தாலும் எனக்கு அது காலிப் பக்கம்தான்.

மூலத்துக்கு எங்க போறதுன்னு கேக்கறவங்களுக்கு, மாவட்ட சென்சஸ் கையேட்டுல கிராமவாரியா பள்ளிக்கூடம், குடிநீர், பஸ் வசதி எல்லாம் இருக்கு. பழைய ஊர்னா தொல்லியல் துறையோட கல்வெட்டுத் தொகுதிகள்லயும் தேடலாம்.

இதுல எதுவும் சரிபண்ண முடியாத ஒண்ணு, பேரு. ஆங்கிலப் பட்டியல்லேர்ந்து தமிழுக்குக் கொண்டு வந்தா ல, ள வித்தியாசம் போயிடும், ன, ண போயிடும். வல்லத்தை வள்ளமாக்கலாம், மணலூரை மனலூராக்கலாம். நிரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க ஊராட்சிக் கட்டுரையைத் திறந்து, அந்தச் சிற்றூர்ப் பட்டியலை மட்டும் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்களேன்.