மூவிராசாக்களின் விண்மீனும் வானொலி நாடகமும்

வேற்றுக்கோள் மாந்தரும் விண்கலமும் மாநகரத்துக் கதைகளுக்கே உரியன. வலையும் பனையும் உப்புக்காற்றும் நிறைந்த மன்னார்த் தீவுக்கு அவை பொருந்தா. அதிலும் நத்தார் இரவிலே அறிவியற் புனைகதை ஒன்றை வானொலி நாடகமாக ஒலிக்கச் செய்வது பண்பாட்டுக்கும் பக்திக்கும் ஒவ்வாது என வாதிடுவோர் உளர். மண்பற்றினால் எழுந்த வாதம் போல இது தோன்றினும், உண்மையில் மண்ணை அறியாமையினின்றே பிறந்ததாகும்.

மன்னார்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த நாட்டுக்கூத்துக்களுள் ஒன்று 'மூவிராசாக்கள் நாடகம்'. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனை 1966இல் பதிப்பித்தார். அதன் கதைதான் யாது? வானில் முன்பு காணாத ஓர் ஒளி. அதன் பொருளைக் கணித்தறிந்த மூவர். அறியாத நாடு நோக்கிய நெடும்பயணம். செய்தி கேட்டுக் கலங்கிய ஏரோது மன்னன். முடிவில் ஒரு சிற்றூரிலே ஒரு பிறப்பு. இத்தகைய கதையை விடிய விடியக் கண்டு களித்த மக்களுக்கு விண்வெளிக் கதை அந்நியம் என்பது நகைப்புக்குரியதன்றோ? அவ்விண்மீன் யாதாக இருக்கலாம் என வானியலறிஞர் கெப்ளரே 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தார், கி.மு. 7இல் வியாழனும் சனியும் நெருங்கித் தோன்றியதை அதனோடு தொடர்புபடுத்தினார்.

அதே விண்மீனைப் பற்றி ஆர்தர் சி. கிளார்க் 1955இல் ஒரு சிறுகதை வெளியிட்டார். வெடித்தழிந்த ஒரு சூரியனின் எச்சத்தை ஆராயச் சென்ற இயேசு சபைக் குருவானவர், பெத்லகேமில் ஒளிர்ந்தது அந்த வெடிப்பே எனவும், அதிலே ஓர் அழகிய நாகரிகம் மாண்டது எனவும் கண்டு கலங்குகிறார். கிளார்க் 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் கொழும்பிலேயே மறைந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அயலிலே வாழ்ந்தவரின் கற்பனையை அந்நியம் என்று தள்ளுவது எங்ஙனம்? ஐயம் பக்திக்கு ஊறு என்பாரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும்: மூவிராசாக்களும் வழிகேட்டுச் சென்றவர்களே.

வானொலியின் ஆற்றல் அருகாமையில் உள்ளது. 1938 அக்டோபர் 30இல் ஓர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் செவ்வாய்வாசிகளின் படையெடுப்பை நாடகமாக்கியபோது, எச். ஜி. வெல்ஸின் ஆங்கிலேயக் களத்தை விடுத்து, நியூ ஜேர்சியிலுள்ள ஒரு சிற்றூரிலே அவர்களை இறக்கினார். கேட்டோருட் சிலர் மெய்யென நம்பி அஞ்சினர். (நாடே நடுங்கியது என்பது பத்திரிகைகளின் மிகைக்கூற்று.) இலங்கைத் தமிழ் வானொலியும் இவ்வுண்மையை உணர்ந்தே இருந்தது. 'இலண்டன் கந்தையா'வும் 'தணியாத தாக'மும் வெற்றிபெற்றது யாழ்ப்பாணத்துப் பேச்சு உயிரோடு ஒலித்தமையால் அன்றோ? பேசாலையின் பேச்சுக்கும் வங்காலையின் பேச்சுக்கும் அவ்வுரிமை இல்லையா? மின்சாரமற்ற போர்க்காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வடபுலத்து மக்களுக்கு, கேட்கும் ஆர்வம் இல்லை என்று எவரும் கூறார்.

களம் தேடி அலையவும் வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு, நத்தாருக்கு மூன்று நாட்களே இருக்க, புயல் தனுஷ்கோடியை அழித்தது. மன்னாரும் அதன் சீற்றத்துக்கு உள்ளானது. அதற்கு முந்திய மாலை, தலைமன்னாரில் ஒரு குடிசை. பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பும் சிறுவர், வலை பொத்தும் தந்தை, பழைய வானொலிப் பெட்டியின் இரைச்சலுக்குள்ளே, அறுபதாண்டு கடந்த காலத்தினின்று ஒரு குரல்: “நாளை கடலுக்குப் போகாதீர்கள்.” அக்குரலை ஊர் நம்புமா? கோயில் மணியை அடிப்பவர் யார்? மேடையில் இதனை அமைக்கப் பெரும்பொருள் வேண்டும். வானொலிக்கோ அலையின் ஓசையும், மணியும், மன்னார்த் தமிழ் பேசும் நால்வரும் போதும்.