பிடரியில் கறுப்புள்ள முயல்



முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு ஈஸ்டர் இதழின் நடுப்பக்கத்தில், பிள்ளைகள் வெட்டி ஒட்டுவதற்கென்று ஒரு முயல் கொடுத்திருந்தோம். வெள்ளை வெளேரென்று உடம்பு, ரோஜா நிறக் காது, கையில் பூக்கூடை. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் போட்டார். அவருடைய நான்கு வயது மகன் முயலை ஒட்டி முடித்த கையோடு, பழுப்பு கிரேயானை எடுத்து அதன் உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டானாம். பிடரியில் மட்டும் கறுப்பு. நல்ல முயலை ஏன்டா இப்படிப் பண்ணினாய் என்று கேட்டால், நம் தேயிலைக்குள் ஓடுகிற முயல் இப்படித்தானே இருக்கிறது என்கிறான்.

பையன் சொன்னதுதான் சரி. நீலகிரியில் பொழுது சாய்ந்தபின் வண்டி வெளிச்சத்தில் குறுக்கே பாய்ந்து தேயிலைக்குள் மறையும் காட்டு முயலுக்குப் பழுப்பு உடம்பு, பிடரியில் கறுப்புத் திட்டு. தவிர, ஈஸ்டர் முட்டை கொண்டுவருவதாக ஜெர்மானியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் வருவதும் கூண்டில் வளர்க்கும் முயல் அல்ல, வயல்வெளியில் திரியும் காட்டு முயல்தான். நாங்கள் அச்சடித்ததைவிட அவன் முயலே ஈஸ்டருக்குக் கிட்டத்து உறவு.

அதனால் இந்த இதழில் வெட்டி ஒட்டும் பக்கம் இல்லை. கைவேலைக்கு யோசனை தர இரண்டு படப் புத்தகங்களைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் வீட்டைச் சுற்றியே கிடைக்கும்.

முதல் புத்தகம் எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதை. துளை போடும் கருவியால் காகிதக் கட்டில் ஓட்டை போட்டபோது தோன்றிய யோசனை அது. பக்கங்களில் ஓட்டை விழுந்த அந்தப் புத்தகத்தைக் கட்டுபடியாகும் விலையில் அச்சிட அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல் ஜப்பானில் அச்சிட்டார்கள். புழு திங்களன்று ஆப்பிள், செவ்வாயன்று பேரிக்காய், புதனன்று பிளம்ஸ், வியாழனன்று ஸ்ட்ராபெரி என்று துளைத்துக்கொண்டே போகிறது. கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றில் பாதியைக் கடையில்தான் காட்டவேண்டும். குன்னூர்ப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. பேரியும் பிளம்ஸும் அண்டை வீட்டு வேலியோரத்தில் நிற்கின்றன. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியே நடக்கிறது.

கார்ல் படம் வரைந்த விதம் சிறு கைகளுக்கு ஏற்றது. மெல்லிய காகிதத்தில் முதலில் வண்ணத்தைத் தாறுமாறாக இழுப்பார். காய்ந்தபின் அதையே வெட்டி ஒட்டி உருவமாக்குவார். பட்டம் செய்யும் காகிதம் போதும். வண்ணம் பூசும் நாளும் வெட்டும் நாளும் வேறுவேறாக இருக்கட்டும். மூடுபனி இறங்கினால் நம் ஊரில் மைதா பசைகூட லேசில் காயாது. பட்டாம்பூச்சியின் சிறகுக்குச் சில்வர் ஓக் இலையைக் காகிதத்துக்கு அடியில் வைத்து மேலே கிரேயானால் தேய்த்துப் பாருங்கள். பெரணி போலப் பிளவுபட்ட அதன் இலை, நரம்பு நரம்பாகத் தாளில் எழுந்து வரும். இலைமேல் ஒரு முட்டையில் தொடங்கி, கூட்டுக்குள் அடங்கி, சிறகோடு வெளியே வரும் கதை இது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைத் திறந்த கல்லறையோடு சேர்த்துச் சொல்ல விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, பட்ரீசியா பொலாக்கோவின் 1988ஆம் ஆண்டுப் புத்தகம். ஈஸ்டர் விழாவுக்காக ஒரு பாட்டி முட்டைகளில் சித்திரம் எழுதி வைக்கிறாள். அவள் காப்பாற்றிய வாத்து அத்தனையையும் உடைத்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது அந்த உடைதல்தான். ஆம்லெட் போட்ட முட்டை ஓடுகளைச் சேர்த்துக் கழுவி, உள்தோலை உரித்துக் காயவையுங்கள். வண்ணம் தோய்த்து, நொறுக்கி, அட்டையில் ஒட்டலாம். நொறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் அரைமணி நேரம் வீட்டில் சத்தமே இருக்காது.

முழு முட்டைக்குச் சாயம் ஏற்ற விரும்புகிறவர்கள் நாமக்கல்லிலிருந்து மலையேறி வரும் வெள்ளை முட்டையையே வாங்குங்கள். நாட்டு முட்டையின் பழுப்பில் நிறம் எடுபடாது. ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், கீழே வேகவைப்பதைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வேண்டும். வெங்காயச் சருகு செம்பழுப்பு தரும். திக்கான தேயிலைச் சாறு மரநிறம் தரும். பீட்ரூட்டை அதிகம் நம்பவேண்டாம், வெளிறிவிடும். ஆச்சரியம் சிவப்பு முட்டைகோஸில்தான். நறுக்கி வேகவைத்து வடித்த நீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் நீர் சிவந்து நிற்கும். அதில் அவித்த முட்டையை இரவு முழுக்க ஊறவிட்டால் காலையில் நீலம்! ஓட்டிலுள்ள சுண்ணாம்பு செய்யும் வேலை. ஊறும் முன் சின்னப் பெரணி நுனியை முட்டைமேல் வைத்து, கிழிந்த நைலான் சாக்ஸால் இறுக்கிக் கட்டினால் இலையின் உருவம் வெள்ளையாகத் தங்கும். இப்படி வெளியே கிடந்த முட்டையை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தின்னக் கொடுக்காதீர்கள். அடுப்புப் பக்கம் பெரியவர்கள் நிற்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நம்மிடம் குருத்தோலை இருக்கிறது. தென்னை விளையாத மலைக்கு அது கீழேயிருந்துதான் வந்து சேருகிறது. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடித்தது போக மிஞ்சும் ஓலையில் கிளி, பந்து, பாம்பு செய்யத் தெரிந்த தாத்தா பாட்டி இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறந்ததும் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்றுதான், 1831 ஏப்ரல் 3. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. பழைய பொருளில் புதுவேலை செய்வது இந்த மலைக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

செய்தவற்றைப் படம் பிடித்து அனுப்புங்கள். பெரியவர்கள் கைவைத்து நேராக்கியது வேண்டாம். பார்த்தவுடன் எங்களுக்குத் தெரிந்துவிடும். கோத்தகிரி முயலின் படம் என் மேசைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. அதற்குக் கால் மூன்றுதான். நான்காவது கால் எங்கே என்று கேட்டு எழுதியிருந்தேன். அது தேயிலைக்குள் இருக்கிறதாம்.

அன்புடன்,
ஆசிரியர்