கணிப்பொறி சோம்பேறியா?

தர்மபுரி ஜில்லாவில் பல குடும்பங்களுக்குள் கணிப்பொறி முதன்முதலாக நுழைந்தது, 2011-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலமாகத்தான். கல்லூரிப் படிப்புக்கென்று தகப்பனார் கடன் வாங்கியோ, தாயார் நகையை அடகு வைத்தோ புதிய மடிக்கணினி வாங்கிக் கொடுத்த வீடுகளும் பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் உண்டு. இவ்வளவு அருமையாக வந்த பொருளில் ஏதோ குறை இருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தால், வீடே கலங்கிப் போகும் அல்லவா?

அந்தக் கலக்கம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பமாகிறது. பெட்டியின்மேல் 'வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. 'பிராஸஸர்' என்னும் மூளைச் சில்லின் கடிகாரம் வினாடிக்கு 240 கோடி தடவை துடிக்கும் என்பது அதன் பொருள். பிள்ளையாண்டான் ஒரு நாள் 'டாஸ்க் மானேஜர்' என்ற பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். அங்கே 0.8 என்று இருக்கிறது! சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான்! "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், அப்பா!" என்று கூவுகிறான்.

கடைக்காரரும் ஏமாற்றவில்லை, கணிப்பொறியும் சோம்பவில்லை. சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் பாரம் ஏற்றிய லாரியை நினைத்துப் பாருங்கள். தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது அதன் என்ஜின் முழு மூச்சுடன் உறுமுகிறது. மேலே வந்ததும் டிரைவர் டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்துகிறார். டீ குடித்து முடிக்கும் வரையில் ஆக்ஸிலேட்டரை யாராவது அழுத்திக்கொண்டே இருப்பார்களா? பிராஸஸரும் அப்படித்தான். நீங்கள் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது, அதற்கு 240 கோடித் துடிப்பு எதற்கு?

வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பது எல்லோருக்கும் விளங்கும். ஆனால் எவ்வளவு மிச்சமாகும் என்பதில்தான் விந்தை இருக்கிறது. அதை அறிய நம் ஜில்லாவின் கிணற்றங்கரைக்குப் போவோம். பிராஸஸருக்குள் கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் உண்டு. கடிகாரம் துடிக்கத் துடிக்க, அவற்றில் வேலை செய்பவை சிறு தொட்டிகளைப் போல் மின்சாரத்தால் நிரம்புவதும் காலியாவதுமாக இருக்கின்றன. தொட்டிக்குள் எவ்வளவு உயரம் நீர் ஏற்றுகிறோமோ, அதுதான் வோல்டேஜ். உயரத்தை இரண்டு மடங்காக்கினால், நீரும் இரு மடங்கு வேண்டும். அந்த நீரை இரு மடங்கு உயரத்துக்கும் தூக்க வேண்டும். ஆகவே மாடுகளுக்கு உழைப்பு நான்கு மடங்காகும். உயரத்தைப் பாதியாக்கினாலோ, உழைப்பு கால் பங்காகிவிடும்.

பின் ஏன் எப்போதும் குறைந்த வோல்டேஜிலேயே ஓட்டக் கூடாது என்று கேட்கலாம். டிரான்ஸிஸ்டர் விரைவாக மாறவேண்டுமானால் அதைப் பலமாகத் தள்ள வேண்டும். அதற்கு வோல்டேஜ் அதிகம் தேவை. நிதானமாக மாறினால் போதுமென்றால் மெதுவாகத் தள்ளினாலே போதும். எனவே வேகத்தைக் குறைக்கிறபோது வோல்டேஜையும் கூடவே இறக்கிவிட முடிகிறது. இலாபம் இரண்டு பக்கமும் சேர்ந்து வருகிறது.

வெறும் தத்துவம் அன்று இது. இன்டெல் கம்பெனி 2000-ஆம் வருஷ ஜனவரியில் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற ஏற்பாட்டுடன் மடிக்கணினிக்கான பென்டியம் 3 பிராஸஸரை வெளியிட்டது. அதில் ஒன்று, சுவரிலிருந்து மின்சாரம் வரும்போது 1.6 வோல்டில் 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்; பாட்டரிக்கு மாறியதும் 1.35 வோல்டில் 500 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகத்தில் கால் பங்குகூடக் குறையவில்லை, ஆனால் துடிப்புக்காகச் செலவாகும் மின்சாரமோ சுமார் 45 சதவிகிதம் குறைந்துவிடுகிறது!

அன்று இருந்தவை இரண்டே படிகள். இன்றைய பிராஸஸர்களுக்கோ பல படிகள் உண்டு. 2015-இல் வந்த 'ஸ்கைலேக்' முதல், இன்டெல் சில்லுகள் மில்லி வினாடிக் கணக்கில் தாமாகவே வேகத்தை ஏற்றி இறக்கும் வல்லமை பெற்றன. வேலை அடியோடு இல்லாத கணங்களில் இன்னும் ஒரு படி கீழே போய், கடிகாரத்தையே நிறுத்தி, சில பகுதிகளுக்கு மின்சாரத்தையும் துண்டித்து உறங்குகின்றன. நீங்கள் ஒரு விசையை அழுத்தியதும் விழித்துக்கொள்கின்றன. அந்த உறக்கத்தை நம் கண்ணால் காண்பதற்கில்லை.

சில பெற்றோர் யாரோ சொன்னதைக் கேட்டு, 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்ற விசையைத் தட்டி, பிராஸஸரை எப்போதும் உச்ச வேகத்திலேயே நிறுத்தி வைக்கிறார்கள். அதனால் கடிதம் எழுதும் வேலை சிறிதும் விரைவாவதில்லை. சூடு அதிகமாகும், விசிறி இரையும், பாட்டரி சீக்கிரம் தீரும்.

அப்படியானால் உண்மையான குறையைக் கண்டுபிடிப்பது எப்படி? சும்மா இருக்கும்போது எண்ணைப் பார்த்துப் பயனில்லை. வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். எண் மளமளவென்று ஏறினால் கவலை வேண்டாம். ஏறவே இல்லையென்றால், பாட்டரியைச் சேமிக்கும் விசை போட்டிருக்கிறதா, சார்ஜர் அந்த யந்திரத்துக்கு உரியதுதானா என்று கவனியுங்கள். ஏறிய பிறகு சூடு தாங்காமல் விழுந்துவிட்டால், காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்திருக்கலாம். மெத்தையின்மேல் வைத்து வேலை செய்வதும் காரணமாகலாம். சூட்டுக்கு அஞ்சித் தன்னைக் காத்துக்கொள்ளவே பிராஸஸர் அப்போது வேகத்தை வெட்டுகிறது. அது ஓய்வு அன்று, களைப்பு. அதைத்தான் பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

ஆகையால், 0.8 என்ற எண்ணைக் கண்டதும் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஊரில் மின்சாரம் நின்றுபோனால், பகலெல்லாம் அந்தச் சில்லு மிச்சம் பிடித்துவைத்த பாட்டரிதான் பிள்ளையின் பாடத்தைத் திரையில் அணையாமல் காக்கும்.