பெரியம்மை மேல் பழி போடுகிறவர்களுக்கு...

போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு செமினார். தலைப்பு: அமெரிக்கக் கண்டங்களுக்கு ஐரோப்பியர் வருகை. பேசிய நண்பன் நன்றாகத்தான் பேசினான். கப்பல், காற்று, திசைகாட்டி என்று இருபது நிமிடம். கடைசியில் பூர்வகுடிகளுக்கு ஒரே ஒரு ஸ்லைடு, அதில் ஒரே ஒரு வரி: "பெரியம்மை போன்ற நோய்களால் பூர்வகுடிகள் பெருமளவில் இறந்தனர்." அடுத்த ஸ்லைடு "நன்றி".

இறந்தனர்! யாரும் கொல்லவில்லை பாருங்கள், தாங்களாகவே இறந்திருக்கிறார்கள்.

மெஸ்ஸில் அவனைப் பிடித்துக் கேட்டேன். "கிருமிக்கு நாடு, மதம் எல்லாம் கிடையாதுடா. அவங்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்ல. அதுக்கு கொலம்பஸ் என்ன பண்ணுவான்?" என்றான். படித்தவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அறிவியல் மாதிரியே இருக்கும், அதனால் எதிர்த்துப் பேசவும் கூச்சமாக இருக்கும். ஆனால் கொலம்பஸ் முதலில் கால் வைத்த இடத்திலேயே இந்த வாதம் உதைக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதிகள். கொலம்பஸ் பஹாமா தீவுக்கூட்டத்தில் இறங்கியது 1492 அக்டோபர் 12. ஹிஸ்பானியோலா தீவில் (இன்றைய ஹைதியும் டொமினிக்கன் குடியரசும்) பெரியம்மை பரவியது 1518 கடைசியில். நடுவில் 26 வருடங்கள்! ஒரு தலைமுறை. அந்த 26 வருடங்களில் என்ன நடந்தது?

இறங்கிய மூன்றாம் நாளே, ஐம்பது ஆட்கள் இருந்தால் இவர்கள் அத்தனை பேரையும் அடக்கி எது வேண்டுமானாலும் செய்ய வைக்கலாம் என்று கொலம்பஸ் தன் குறிப்பேட்டில் எழுதினார். அக்டோபர் 14. இன்னும் தங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை, மூக்கில் தொங்கிய சின்னத் துண்டுகளைத் தவிர. அடுத்த வருடம் 17 கப்பல்களோடு திரும்பி வந்தார். 1495ல் ஹிஸ்பானியோலாவில் சுமார் 1600 தைனோ மக்களை வளைத்துப் பிடித்து, அதில் 550 பேரை அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பல் ஏற்றினார்கள். வழியிலேயே சுமார் 200 பேர் செத்து, உடல்கள் கடலில் வீசப்பட்டன. கூடவே பயணம் செய்த குனேயோ என்ற இத்தாலியர் எழுதி வைத்த கணக்கு இது. எதிரி சொன்னதல்ல, கொலம்பஸின் நண்பர் சொன்னது.

அப்புறம் வரி. தங்கம் கிடைக்கும் பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நிறைய தங்கத்தூள் கொடுக்க வேண்டும். மணி என்றால் வேட்டைப் பருந்தின் காலில் கட்டுவார்களே, அந்தச் சின்ன மணி. சின்னதுதானே என்று நினைக்காதீர்கள். அங்கே இருந்தது ஆற்று மணலைச் சலித்தால் துளித்துளியாகக் கிடைக்கும் தங்கம். நாள் முழுக்க ஆற்றில் நின்றால் வயலை யார் பார்ப்பது? அவர்களுடைய முக்கிய உணவு மரவள்ளி. (ஆமாம், நம் ஊரில் அவித்துத் தின்கிற அதே மரவள்ளிதான். அந்தக் கண்டத்திலிருந்துதான் நமக்கு வந்தது.) நடவு நின்றது, பஞ்சம் வந்தது. சில வகை மரவள்ளியின் பச்சைச் சாறு கொடிய விஷம். அதைப் பிழிந்து வடித்து அப்பம் சுடத் தெரிந்த அந்த மக்களில் சிலர், அதே சாற்றைக் குடித்து உயிரை விட்டார்கள். இதையும் பெரியம்மைக் கணக்கில் எழுதுவதா?

1503ல் ஆளுநர் ஒவாண்டோ, ஹராகுவா பகுதியின் தலைவர்களை விருந்துக்குக் கூடிய இடத்திலேயே வைத்து எரித்தார். அவர்களின் அரசி அனகாவோனா தூக்கிலிடப்பட்டார். அதே காலத்தில்தான் 'என்கோமியெண்டா' முறை சட்டமானது. ஊர் ஊராக மக்களை ஸ்பானியர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது! ஆண்கள் மாதக் கணக்கில் சுரங்கத்தில், பெண்கள் வயலில். குடும்பம் என்று ஒன்று இருந்தால்தானே குழந்தை பிறக்கும்?

எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. பாதிரியார் லாஸ் காசாஸ் 30 லட்சம் என்றார். பின்னால் வந்தவர்கள் சில லட்சம் என்றார்கள். 2020ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, சில பத்தாயிரங்களைத் தாண்டியிருக்காது என்கிறது. சரி, உங்களுக்குப் பிடித்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். 1514ல் ஆட்களைப் பங்கு போட எடுத்த கணக்கெடுப்பில் தேறியவர்கள் சுமார் 26,000 பேர். அதிலும் வெளியிலிருந்து பிடித்து வந்தவர்கள் கலந்திருந்தார்கள்.

எங்கிருந்து பிடித்து வந்தார்கள்? என் வாதத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஹிஸ்பானியோலாவில் வேலைக்கு ஆள் குறைந்தது. 1509ல் அரசர் ஃபெர்டினாண்ட், பக்கத்துத் தீவுகளில் ஆள் பிடிக்க அனுமதி கொடுத்தார். பஹாமாவின் லூகாயர்களை, கொலம்பஸை முதன்முதலில் வரவேற்ற அதே மக்களை, கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு போனார்கள். செத்துப்போன உங்கள் முன்னோர் வாழும் உலகத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று ஏமாற்றி ஏற்றியதாக, அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் பீட்டர் மார்ட்டிர் எழுதியிருக்கிறார். போய்ச் சேர்ந்த இடம் தங்கச் சுரங்கம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களைப் பின்னால் முத்துக் குளிக்க விற்றார்கள். 1513ல் பொன்ஸே தெ லியோன் அந்தப் பக்கம் போனபோது ஒரு தீவில் கண்டது ஒரே ஒரு கிழவியை. வேறு ஆள் இல்லை. தீவுக்கே 'கிழவி' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்!

1513. பெரியம்மைக்கு ஐந்து வருடம் முன்பு.

பெரியம்மை கொல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1520ல் அஸ்டெக் தலைநகரில் அது ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஹிஸ்பானியோலாவில் மிச்சமிருந்தவர்களையும் அதுதான் வாரிக்கொண்டு போனது. 1518க்கு முன்னாலும் ஏதோ ஒரு காய்ச்சல் பரவியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆனால் ஐரோப்பாவைப் பாருங்கள். 1347ல் தொடங்கிய கொள்ளைநோயில் அங்கே மூன்றில் ஒருவராவது செத்தார்கள். ஆள் குறைந்ததும் இங்கிலாந்தில் கூலி ஏறியது. ஏறக் கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்தும் ஏறியது! பிழைத்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்தார்கள், மக்கள்தொகை மெல்ல மெல்லத் திரும்ப வந்தது. ஹிஸ்பானியோலாவில் ஆள் குறைந்தபோது கூலி ஏறவில்லை. அடுத்த தீவுக்கு ஆள் பிடிக்கப் போனார்கள். அங்கேயும் தீர்ந்ததும் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். இந்த வித்தியாசத்தைக் கிருமியா உண்டாக்கியது?

உடனே அடுத்த அம்பு வரும்: "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். இன்னிக்கு நியாயத்த வெச்சு அவங்கள அளக்கலாமா?"

அளக்க வேண்டாம். அந்தக் காலத்து நியாயத்தை வைத்தே அளப்போம். கொலம்பஸ் ஏற்றுமதி செய்த அடிமைகளை விடுவித்துத் திருப்பி அனுப்பும்படி 1500ல் உத்தரவு போட்டது ஸ்பெயின் அரசுதான். (1503ல் கட்டாய வேலைக்குக் கையெழுத்துப் போட்டதும் அதே அரசி இசபெல்லாதான், அது வேறு கதை.) 1511 டிசம்பரில் சாண்டோ டொமிங்கோ தேவாலயத்தில், ஆளுநர் முதல் அத்தனை முதலாளிகளும் உட்கார்ந்திருக்க, அந்தோனியோ தெ மொன்டெசினோஸ் என்ற துறவி எழுந்து இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். லாஸ் காசாஸே பூர்வகுடிகளைப் பங்காகப் பெற்று வேலை வாங்கியவர். 1514ல் மனம் மாறி அவர்களை விட்டுக்கொடுத்தார். தப்பு என்று தெரிந்தவர்கள் அங்கேயே, அப்போதே இருந்தார்கள். கேட்டவர்களுக்குத் தங்கம் பெரிதாகப் போயிற்று.

பூர்வகுடிகளும் சும்மா படுத்துச் சாகவில்லை. பெரியம்மை வாட்டிக்கொண்டிருந்த அதே 1519ல் என்ரிக்கியோ என்ற தைனோ தலைவர் தன் ஆட்களோடு பஹொருகோ மலையில் ஏறினார். பதினான்கு வருடம் பிடிக்க முடியாமல், 1533ல் ஸ்பானிய அரசே இறங்கி வந்து சமாதானம் பேசியது. மலையில் ஏறியவர்கள் கிருமிக்குப் பயந்து ஏறவில்லை.

இவ்வளவையும் மெஸ்ஸில் ரசம் ஆறும் வரை அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், நல்லவன். "இதெல்லாம் ஒரு ஸ்லைடுல எப்படிடா போடறது?" என்றான்.

திசைகாட்டிக்கு நான்கு ஸ்லைடு போட்டிருந்தானே!